வெள்ளைப் பணியார மாவில் ஒரு பச்சைச் செதில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில், பெயின்ட் உரிந்த பழைய ஜீப்பை வீட்டிலேயே புதுசாக்கிக்கொள்ளலாம் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. மேலாகத் தேய்த்து, பட்டி பார்த்து, இரண்டு கோட் அடித்தால் சனி, ஞாயிறில் வேலை முடிந்துவிடுமாம். பழைய பெயின்டைச் சுரண்டுவது பற்றி ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நான் அந்த வரியில் எட்டு நாள் உட்கார்ந்திருந்தவள்.

நான் பள்ளத்தூரில் இருந்துகொண்டு கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறேன். கானாடுகாத்தான், கோட்டையூர், தேவகோட்டை, கீழச்சிவல்பட்டி என்று எங்கே அடுப்பு மூட்டினாலும் என் அண்டா, குண்டா, ஜல்லிக்கரண்டியோடு போவது ஒரு மஹிந்திரா எம்.எம். 540. 1990ஆம் வருடத்து டீசல் ஜீப். அரசுத் துறை ஒன்றின் ஏலத்தில் 2003இல் என் வீட்டுக்காரர் எடுத்தது. ஊருக்குள் நடக்கிற கல்யாணத்துக்கு மினி வேன் போதும். குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டு என்று கூப்பிடுவார்கள் பாருங்கள், கண்மாய்க் கரை மேல் போய், சரளையில் இறங்கி, மணலில் ஒரு கிலோமீட்டர் ஊர வேண்டும். அங்கே நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டிதான் சோறு போடும். அவர் காலமான பிறகும் அதை நான் விற்காததற்கு இது முதல் காரணம்.

இந்த வைகாசியில் கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம். வீட்டின் பின்கட்டில் விடியற்காலை நாலு மணிக்கு வெள்ளைப் பணியாரத்துக்கு மாவைத் திறந்து வைத்திருந்தோம். அந்த வீட்டு ஆச்சி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஏத்தா, வெள்ளைப் பணியார மாவுல கருவேப்பிலை எதுக்கு?" என்றார்கள். எடுத்துப் பார்த்தால் கருவேப்பிலை இல்லை. அண்டாவின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு வந்த ஜீப்பின் பச்சைப் பெயின்ட். மாவு முழுவதையும் கொட்டினேன். ஊறப்போட்டு வைத்திருந்த இன்னொரு பங்கு அரிசி இருந்ததால் மானம் தப்பியது. ஆச்சி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

அந்தப் பச்சை வந்த கதையைச் சொல்கிறேன். போன வருடத்துக்கு முந்தின மார்கழியில், முகூர்த்தம் இல்லாத மாதமாயிற்றே என்று வண்டியைப் பெயின்டுக்கு விட்டேன். பட்டறையின் பெயர் வேண்டாம். ராணுவ வண்டி மாதிரி பச்சை அடிக்க வேண்டும் என்பது என் மகனின் ஆசை. ஐந்தே நாளில், 18,000 ரூபாயில், கண்ணைப் பறிக்கிற மாதிரி வண்டி வந்து நின்றது. நானும் சூடம் காட்டித் தேங்காய் உடைத்தேன். ஒரு ஐப்பசி மழையைத்தான் தாங்கியது. அப்புறம் மட்கார்டு ஓரத்தில் கொப்புளம், பானெட் கீலுக்குப் பக்கத்தில் வெடிப்பு, பின்கதவில் அப்பளம் அப்பளமாக உரிசல்.

ஆனி மாதம் பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸ் போனபோது இன்னொன்றும் தெரிந்தது. அந்த ஆலிவ் பச்சை நிறத்தை ராணுவ வண்டி தவிர வேறு எந்த வண்டிக்கும் அடிக்கக் கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, 121ஆவது விதி. அதோடு, ஆர்.சி.யில் வண்டியின் நிறமும் ஒரு விவரம். மாற்றினால் போய்ப் பதிய வேண்டும். என் ஆர்.சி.யில் வெள்ளை என்று இருக்கிறது, வாசலில் பச்சை வண்டி நிற்கிறது. அதிகாரி நல்ல மனுஷர், "நிறத்தை மாத்திட்டு வாங்கம்மா" என்று அனுப்பிவிட்டார். உங்கள் கட்டுரைக்குப் போட்டிருந்த படத்திலும் அதே பச்சை ஜீப்தான். அதைப் பார்த்து ஆசைப்படுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

சரி, இனி சுரண்டலுக்கு வருகிறேன்.

தேவகோட்டைப் பக்கம் எழுபது வயது பெயின்டர் ஒருவர் இருக்கிறார். லாரி பாடி, மாட்டு வண்டி, கடை போர்டு எல்லாம் எழுதிய கை. இப்போது கண்ணில் புரை எடுத்துவிட்டு வீட்டோடு இருக்கிறார். கெஞ்சிக் கூட்டி வந்தேன். வந்தவர் வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. பஞ்சில் தின்னரை நனைத்து பானெட்டில் ஓர் ஓரமாக வைத்தார். பச்சை கரைந்து பஞ்சில் ஏறிவிட்டது. "தங்கச்சி, இது என்.சி. பெயின்ட். கீழ என்ன இருக்கு?" என்றார். கீழே இருந்தது 2011இல் என் வீட்டுக்காரர் வீட்டுக் கேட்டுக்கு வாங்கிய எனாமலில் மிச்சத்தை எடுத்துப் பிரஷ்ஷால் அடித்த வெள்ளை. அதற்கும் கீழே கம்பெனி வெள்ளை.

வினை அங்கேதான் ஆரம்பித்திருக்கிறது. என்.சி., அதாவது நைட்ரோசெல்லுலோஸ் பெயின்டில் கலக்கிற தின்னர் காரமானது. அதை எனாமலின் மேல் பீய்ச்சினால் அடியிலுள்ள எனாமல் ஊறி, காய்ச்சிய பாலின் ஆடை மாதிரி சுருங்கி எழும். அப்படி எழுந்த இடத்தையெல்லாம் பட்டறைக்காரர்கள் பட்டி போட்டு மறைத்திருக்கிறார்கள். என்.சி. கால் மணியில் காய்ந்துவிடும் என்பதால் அவர்களுக்கு அதுதான் வசதி. போதாததற்கு மார்கழி. காலையில் தகடு பனியில் சில்லிட்டுக் கிடக்கும். துடைத்தாலும் கண்ணுக்குத் தெரியாத ஈரம் இருக்கும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகடு இன்னும் குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். பெயின்ட் புகை படிந்த மாதிரி வெளுத்துப் போகும். என் வண்டியிலும் பின்பக்கம் வெளுத்திருந்தது. அது ஒரு மாதிரியான பாலிஷ் என்று அப்போது சொன்னார்கள். நானும் நம்பினேன்.

பிறகு பெயின்டர் அண்ணன் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தத்தைக் கேட்டு வாங்கி, ஜீப்பின் மேல் ஓட்டிக்கொண்டே போனார். தகட்டில் டக்கென்று ஒட்டும் காந்தம் இடது மட்கார்டில் வழுக்கிக் கீழே விழுந்தது. அங்கே சுரண்டியதில் அதிரசம் கனத்துக்குப் பட்டி. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் ஏறினாலே பட்டி வெடிக்கும் என்றார். எங்கள் ஜீப் கல்லிலும் பள்ளத்திலும் குதிக்கிற வண்டி, தகடு துடித்துக்கொண்டே இருக்கும். டிங்கர் வேலைக்கு ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்க, நெளிசலைத் தட்டி எடுக்காமல் அப்படியே நிரப்பியிருக்கிறார்கள். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் சட்டைப் பையில் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். பானெட்டைத் திறந்து இன்ஜினைப் பார்ப்பதற்கு முன்னால் அதை ஓட்டிப் பாருங்கள்.

எட்டு நாள் சுரண்டினோம். அண்ணன், என் டிரைவர் தம்பி, அப்புறம் நான். பெரிய பரப்புக்குப் பெயின்ட் ரிமூவர் தடவி, பொங்கி வந்ததும் பட்டைக் கரண்டியால் வழித்தோம். தோசை திருப்புகிற கை என்பதால் அது எனக்கு வசப்பட்டது. மூலை முடுக்குக்குத் தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பர், துருவுக்கு வயர் பிரஷ். பழைய பெயின்டை உலர்ந்தபடி தேய்க்க அண்ணன் விடவே இல்லை. அதில் ஈயம் இருக்கலாம், தூசி நெஞ்சுக்குள் போகும். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியே 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. எங்கள் கேட் பெயின்ட் 2011. மாவைக் கொட்டியது சரிதான் என்று அன்றைக்குத்தான் நிம்மதியானேன். சுரண்டிய குப்பையைச் சாக்கில் கட்டி வைத்தோம், தோட்டத்தில் கொட்டவில்லை. ஆனால் புதுப் பட்டிக்கு இதற்கு நேர் எதிர் வைத்தியம். அதைத் தண்ணீர் தொடாமல் தேய்க்க வேண்டும், ஏனென்றால் பட்டி ஈரத்தை உறிஞ்சி உள்ளே வைத்துக்கொண்டு பிறகு கொப்புளமாகக் கக்கும். உங்கள் கட்டுரையில் பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கச் சொல்லியிருந்தது.

பின்கதவில் வெள்ளை எனாமலை வழிக்கும்போது பெயின்டுக்குள் புதைந்த ஒரு பிரஷ் மயிர் வந்தது. என் வீட்டுக்காரர் அடிக்கும்போது உதிர்ந்தது. மலிவுப் பிரஷ் வாங்காதீர்கள் என்று அன்றைக்கே சொன்னேன். அந்த ஒரு விரல்கடை இடத்தை மட்டும் விட்டுவிடலாமா என்று கேட்டேன். "விட்டா அங்கேருந்துதான் உரியும்" என்றார் அண்ணன். எடுத்துவிட்டோம்.

வண்டியின் தரைதான் மோசம். இடது பக்கம் சீட்டுக்குப் பின்னால் தகடு ஓட்டையாகிவிட்டது. அதற்குப் பட்டறைக்காரர்கள் பொறுப்பில்லை, நானே பொறுப்பு. இருபது வருடமாக அந்தத் தரையில் என்னென்ன சிந்தியிருக்கும்! மோர், புளித்தண்ணீர், ஊறுகாய் ஜாடியின் உப்பு நீர், மீன் கழுவிய பாத்திரம். இரும்புக்கு உப்பும் புளிப்பும் சேர்ந்த விருந்து. தரையில் தண்ணீர் வடிவதற்கென்று துளைகள் உண்டு. அவை செம்மண் அடைத்து எந்தக் காலத்திலோ மூடிப்போயிருந்தன. அதற்கு மேல் ரப்பர் பாய் வேறு விரித்து வைத்திருந்தேன், ஈரம் வெளியே போகாமல் பத்திரமாக. பழைய தகட்டை வெட்டி எடுத்துவிட்டு 18 கேஜ் தகடு வைத்துப் பற்ற வைத்தோம், மூன்று நாள் ஆனது. இப்போது பாய் கிடையாது. மரச்சட்டம் அடித்துப் போட்டிருக்கிறேன், சிந்துவது கீழே ஓடி வடிந்துவிடுகிறது.

துருவை எடுக்கப் புளி போட்டுப் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். பித்தளை அண்டா துலக்குகிற பழக்கம், கை சும்மா இருக்குமா? கதவுக் கீல் ஒன்றைப் புளிக்கரைசலில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன். காலையில் பளபளவென்று வந்தது. சாயங்காலத்துக்குள் மறுபடி செம்பட்டை கட்டிவிட்டது. சிக்ரி என்று நாங்கள் சொல்லும் காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கிற ஒரு விஞ்ஞானி, தன் மகள் கல்யாணத்துக்குப் பட்டியல் போட வந்தவர், இதைக் கேட்டுச் சிரித்தார். அமிலம் துருவைக் கரைக்கும், ஆனால் வெற்று இரும்பை அப்படியே விட்டுவிடும், கழுவிக் காயவைத்து உடனே மூடாவிட்டால் துரு இன்னும் வேகமாக வரும் என்றார். கடையில் துருவைக் கறுப்பாக மாற்றும் திரவம் ஒன்று கிடைக்கிறதே, அதில் பலவற்றில் இருப்பது டானின், உங்கள் ஊர்க் கடுக்காயில் இருக்கிற அதே சரக்கு என்றும் சொன்னார். கடுக்காய்த் தண்ணீர் விட்டுச் சுண்ணாம்பு அரைத்துக் கட்டிய வீடுகளில்தான் நான் தினமும் சமைக்கிறேன். இரும்புக்கும் அதற்கும் இப்படி ஓர் உறவு இருப்பது ஐம்பத்தேழு வயதில் தெரிகிறது.

அந்த வீடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை, பேச்சு வந்துவிட்டதால். கல்யாணத்துக்காக அவசர அவசரமாகப் பழைய சுண்ணாம்புச் சுவரில் பிளாஸ்டிக் பெயின்ட் அடிக்கிறார்கள். அடுத்த மழையில் அது தோல் தோலாக உரிகிறது. சுண்ணாம்புச் சுவர் உள்ளே இருக்கும் ஈரத்தை மூச்சாக வெளியே விடவேண்டும், அதன் வாயைப் பொத்தினால் பெயின்டைத் தள்ளிவிடும். இரும்புத் தகட்டுக்கோ மூச்சே விடக் கூடாது, காற்றும் நீரும் எட்டாமல் பொத்த வேண்டும். சுவருக்கு அடிக்கிறவரையே ஜீப்புக்கும் கூப்பிடுகிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய.

நாள் பார்க்கிற சங்கடம் இருக்கிறதே, அது என் தொழிலுக்கே உரியது. முகூர்த்தம் இல்லாமல் நான் சும்மா இருக்கும் மாதங்கள் ஆடியும் மார்கழியும். மார்கழியில் பனி, ஆடியில் காற்று. இரண்டும் பெயின்டுக்கு ஆகாது. பங்குனியில் அடிக்கலாம் என்றால் கையில் வாங்கிய அட்வான்ஸ் நிற்கிறது. கடைசியில் ஆடியையே எடுத்தோம். கல்யாணப் பந்தல் துணியால் ஜீப்பைச் சுற்றி நாலு பக்கமும் கட்டி, தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, காற்று கிளம்புவதற்கு முன் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து எட்டரைக்குள் முடித்தார் அண்ணன். மொத்தம் பத்தொன்பது நாள் வேலையில் பெயின்ட் பீய்ச்சியது இந்த இரண்டரை மணி நேரமும், அடிப்பூச்சான பிரைமருக்கு ஒரு மாலையும்தான்.

அந்தப் பிரைமர் மாலையை மறக்க மாட்டேன். வெற்றுத் தகட்டை ஓர் இரவுகூட விடக் கூடாது என்பது அண்ணனின் பிடிவாதம். கடைசி மட்கார்டைச் சுரண்டி, தின்னரால் துடைத்து, கை படாமல் எபாக்ஸி பிரைமர் அடித்து முடிக்கும்போது மணி ஒன்பது. டிரைவர் தம்பி கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். வழக்கமான ரெட் ஆக்சைடு அடித்தால் பாதி விலையாயிற்றே என்றேன். ரெட் ஆக்சைடு மேலே பெயின்ட் ஏறும்வரை ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும், பட்டறை வாசலில் ரெட் ஆக்சைடோடு மாதக்கணக்கில் நிற்கிற வண்டிகளைப் பார்த்ததில்லையா என்றார். பார்த்திருக்கிறேன்.

மேல் பெயின்டுக்கு எல்லாரும் பி.யூ., அதாவது பாலியூரிதேன் பெயின்ட் அடிக்கச் சொன்னார்கள். பளபளப்பும் உழைப்பும் அதில்தான் அதிகம், மறுக்கவில்லை. ஆனால் அது இறுகுவதற்காகக் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவந்துவிடும். உங்கள் கட்டுரைப் படத்துப் பையன் மூக்கில் கட்டியிருந்த கைக்குட்டை அதற்குக் காணாது, தயவுசெய்து அதை மட்டுமாவது திருத்திப் போடுங்கள். என் வண்டி முள்ளில் உரசுகிற வண்டி. கீறல் விழுந்தால் நானே ஒரு பிரஷ்ஷை எடுத்துத் தொட்டுவிட வேண்டும். அதனால் பிரைமரை 400ஆம் நம்பர் பேப்பரால் லேசாகத் தேய்த்து, சாதாரண சிந்தெடிக் எனாமல், வெள்ளை. உள்தரைக்கு மட்டும் எபாக்ஸி பெயின்ட் இரண்டு கோட். எனாமல் தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், இறுக நாளாகும். பத்து நாள் அதன்மேல் ஒரு கரண்டிகூட வைக்கவில்லை. டிங்கர், தகடு, பெயின்ட், கூலி எல்லாம் சேர்த்து 46,000 ரூபாய். முதலில் கொடுத்த பதினெட்டாயிரத்தைச் சுரண்டிப் போட்டதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கூலி.

பட்டறைக்காரர்களை மட்டும் குற்றம் சொல்லி முடிக்க எனக்கு மனமில்லை. ஐந்து நாளில் வேண்டும் என்று நின்றது நான். சுரண்டுவதற்கு யாரும் காசு கொடுப்பதில்லை, பளபளப்புக்குத்தான் கொடுக்கிறோம். அந்தப் பையன்களுக்கு எது எதன்மேல் ஒட்டும் என்று சொல்லிக்கொடுக்கவும் ஆள் இல்லை. இத்தனைக்கும் நம் ஊர் எப்பேர்ப்பட்ட ஊர்! வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு வந்து அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அதே சிக்ரி, காரைக்குடியில் இருக்கிறது. இந்தியாவில் எந்த ஊரில் இரும்பு எவ்வளவு வேகமாகத் துருப்பிடிக்கும் என்று வரைபடமே போட்டவர்கள் அவர்கள். கடல் காற்றில் துருப் பார்க்க ராமேசுவரம் பக்கத்திலுள்ள மண்டபம் ஊரில் தனி இடமே வைத்திருக்கிறார்கள். அந்த மதிலுக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு பையன் துருவின் மேல் பட்டி அப்பிக்கொண்டிருக்கிறான். வருகிற செப்டம்பர் 26, அவர்களின் தாய் அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். நிறுவன நாளுக்காவது, சுற்றுவட்டப் பெயின்டர்களையும் டிங்கர்களையும் அரை நாள் உள்ளே கூப்பிட்டுத் தமிழில் சொல்லிக்கொடுக்கலாம். அந்த அரை நாளுக்குச் சாப்பாடு என் பொறுப்பு. இதை உங்கள் நாளிதழ் வழியாகவே அவர்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று, மறைக்கக் கூடாது என்பதற்காக. இந்த ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு போன திங்கட்கிழமை வண்டியைக் கழுவும்போது, தரையில் இடது வடிகால் துளையின் ஓரத்தில் கொத்தமல்லி விதை அளவுக்கு ஒரு கொப்புளம் கண்ணில் பட்டது. உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன். "இப்பக் கையை வைக்காத தங்கச்சி. ஈரம் போகட்டும், தை பிறந்ததும் வாறேன்" என்றார். தை பிறந்தால் எனக்கு வரிசையாக முகூர்த்தம். பொங்கலுக்கு மறுநாள் ஒரு நாள் காலியாக இருக்கிறது, அதைக் குறித்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கல்யாணச் சமையல்காரி ஒருத்தி,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.